மென்மையான சீஸ், கெட்டியான சீஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கத்துப் பெரிய கடைகளின் குளிர்பெட்டிகளில் மொசரெல்லா, கிரீம் சீஸ் போன்ற மென்மையான சீஸ்களும் செடார், பார்மசான் போன்ற கெட்டியான சீஸ்களும் அருகருகே அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனாலேயே அவற்றை ஒரே பொருளாக எண்ணி, ஒரே விதமாகப் பாதுகாத்து, ஒரே விதமாகச் சமைத்துவிடுகிறோம். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. திரைந்த பாலிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறியது என்பதுதான் இருவகைக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை. புதிய மொசரெல்லாவில் பாதிக்கு மேல் நீர்தான். செடாரில் அது ஏறத்தாழ 37 விழுக்காடு. பார்மசானில் 30 விழுக்காட்டையொட்டி நிற்கிறது. நீர் மிகுந்த இடத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். நீர் வற்றி உப்பு ஏறிய இடத்தில் அவை தடுமாறும்.

இந்த வேற்றுமை நம் ஊர் வெயிலில் மிகவும் முக்கியமானது. கத்திரி வெயில் 38 பாகையைத் தாண்டும் நாளில், மென்மையான சீஸை முதலில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மற்ற சாமான்களைத் தேடி அலைவது தவறு. அதைக் கடைசியாக எடுத்து, நேரே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உறை பிரித்த மென்மையான சீஸை 4 பாகைக் குளிரில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. கெட்டியான சீஸ் மூன்று, நான்கு வாரம் தாங்கும். மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்று குளிர்பெட்டி சூடேறிவிட்டால், மென்மையானதைக் கொட்டிவிட வேண்டும். செடாரையும் பார்மசானையும் வைத்துக்கொள்ளலாம்.

பூசணம் பிடித்த சீஸில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். செடார் கட்டியின் ஓரத்தில் பூசணம் கண்டால், அந்த இடத்தைச் சுற்றியும் அடியிலும் 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பயன்படுத்தலாம். கத்தி மட்டும் பூசணத்தில் படக் கூடாது. இதே முறையைக் கிரீம் சீஸிலோ ரிக்கோட்டாவிலோ கையாள்வது ஆபத்து. ஈரம் மிகுந்த மென்மையான சீஸில் பூசண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடிவிடும் என்பதால், அதை முழுவதுமாக எறிய வேண்டும். துருவி வைத்த சீஸுக்கும் இதுவே விதி. விலை கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராதுதான். ஆனாலும் எறியத்தான் வேண்டும். பிரீ என்னும் மென்மையான சீஸின் வெள்ளைத் தோலும் நீலச் சீஸின் கோடுகளும் வேண்டுமென்றே வளர்க்கப்பட்ட பூசணங்கள். அவை கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

கர்ப்பிணிகள் விஷயத்தில் சிறு கவனக்குறைவுகூடக் கூடாது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்பெட்டிக்குள்ளும் வளரக்கூடியது. அது கருவைக் கலைக்கவும் வல்லது. பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது கிருமிகள் சாகும்படி சூடாக்காத, பாலில் உண்டாக்கிய மென்மையான சீஸை அவர்கள் அறவே தவிர்க்க வேண்டும். பாஸ்டரைஸ் செய்த பாலானாலும், பிரீ, கமம்பேர் போன்றவற்றை நன்கு சூடாக்காமல் உண்ண வேண்டாம்.

அடுப்படியில் நிகழும் தவறு வேறு வகை. தோசையின் மேல் பார்மசானைத் துருவிப் போட்டுவிட்டு, அது நூலாக இழுபடவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. இழுபடுவதற்கு மொசரெல்லா வேண்டும், பார்மசான் மணத்துக்கும் உப்புச்சுவைக்கும் உரியது. பன்னீர் அமிலத்தால் திரையவைக்கப்படுவதால் எவ்வளவு சூட்டிலும் உருகாது. செடாரை உருக்கிச் சாஸ் ஆக்கும்போது தீயைக் கூட்டினால் புரதம் இறுகி எண்ணெய் பிரிந்துவிடும். சொதியில் முதல் தேங்காய்ப்பாலை ஊற்றியபின் கொதிக்கவிடாமல் இறக்குகிறோம் அல்லவா, அதே பக்குவம் இங்கும் வேண்டும்.

உறைபெட்டியில் வைத்தால் மென்மையான சீஸின் நீர் பனிக்கட்டியாகி, பிறகு தனியே கசிந்துவிடும்; கெட்டியானது உதிர்ந்துபோனாலும் சமையலுக்கு ஆகும்.

சைவ உணவு மட்டுமே புழங்கும் வீடுகள் உறையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இத்தாலியின் அசல் பார்மசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கப்படுவது. எந்தச் சீஸானாலும், உறையில் சைவக் குறியான பச்சைப் புள்ளி இருந்தால் மட்டுமே அவர்கள் கூடையில் எடுக்கலாம்.