பூட்டுப் போடுவதற்கு முன் நோட்டுப் போடுங்கள்

செட்டிநாட்டில் நடுவில் முற்றம் வைத்த ஒரு வளவு வீட்டுக்குள் நடந்துவந்த சின்னக் காட்சியகத்தை மூடப் போகிறார்கள் என்றால், வீட்டை என்ன செய்வது என்று பங்காளிகள் பேசி முடிப்பதற்குள் காரைக்குடியில் இருந்து பழம்பொருள் வாங்க ஆள் வந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, பிழைப்பு அது. அவருக்கு முன்னால் நீங்கள் நோட்டும் பென்சிலுமாக உள்ளே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் நகர்த்தாதீர்கள். எது எந்த அறையில், எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் ஒரு வரியும்: என்ன சாமான், எந்த வீட்டார் கொடுத்தது, சும்மா கொடுத்தார்களா, இரவலா. பின்னால் சண்டை வருவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான், அதனால் இரவலைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எண்ணைச் சாமான் மேலேயே எழுதாமல் நூலில் அட்டை கட்டுங்கள்; காகிதம் என்றால் பின்பக்க மூலையில் பென்சிலால்.

பித்தளையைப் பளபளப்பாக்கக் கை அரிக்கும். வேண்டாம். நாங்கள் ஒரு தவலையைப் புளி போட்டுத் தேய்த்துப் பெருமையாக வைத்தோம். கழுத்தில் வெட்டியிருந்த விலாசத்தில், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகளில், ஏற்கெனவே மங்கலாக இருந்த முதல் எழுத்து போயே போய்விட்டது. மிச்சமிருக்கிற 'நா. ராம.' எங்கள் பக்கத்தில் நாலு வீட்டுக்குப் பொருந்தும்.

தேக்குத் தூணை விட எனக்குக் காகிதம்தான் பெரிது. பர்மா, மலேயா, இலங்கைக் கொடுக்கல் வாங்கல் பேரேடுகள், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்த ஏடு, மொய் ஏடு, வெள்ளிச் சாமானில் தொடங்கித் துடைப்பம் வரை போகும் சீர்ப் பட்டியல், எல்லாம் ஒரே அலமாரியில் கிடக்கும். வெயிலில் காயவைக்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பேச்சே வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையை விட்டு உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள், கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பை முடிந்து போடலாம், ஆனால் அதை நம்பித் திறந்து பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

சாமானின் கதையை ஆச்சிகளிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அந்த வீட்டில் சமைத்தவர், முட்டை வெள்ளைக்கரு கலந்து சுண்ணாம்பு பூசிய கொத்தனாரின் பிள்ளைகள், ஓலைக்கூடையான கொட்டான் முடைந்தவர், இவர்களையும் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

கொடுப்பதானால் மொத்தமாகக் கொடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992-ல் மறைந்த பிறகும் அவருடைய சேகரிப்பு சிதறாமல் இருந்ததால்தான் 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை அப்படியே வாங்க முடிந்தது, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது. வெளிநாட்டு உறவினர் ஆசைப்பட்டுக் கேட்டால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைச் சொல்லுங்கள், நூறு வருஷத்துச் சிற்பம், கலைப்பொருளை எல்லாம் நினைத்தபடி கப்பல் ஏற்ற முடியாது.

நோட்டை மூன்று நகல் எடுங்கள். ஒன்று சாமானோடு, ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பங்காளி வீட்டில்.