மல்லாரியைப் படமெடுக்க: முதலில் தொடையில் தாளம், பிறகு கையில் கேமரா

ஆடித் திருக்கல்யாணம், மாசி சிவராத்திரி நாட்களில் ராமேஸ்வரம் ரத வீதிகளில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகும் நாதஸ்வர கோஷ்டியைப் படமெடுப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பல படங்களில் தவில் கம்பு ஒரு மங்கிய கோடாக இருக்கும், நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். வாசிப்பைக் கேட்காமல் எடுத்தால் இப்படித்தான் வரும். விலை கூடிய லென்ஸ் இதைத் திருத்தாது. (கோயிலுக்குள் செல்போன், கேமராவுக்கு அனுமதியில்லை. இங்கே சொல்வதெல்லாம் வீதிக்கு.)

முதல் கால் மணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். புறப்பாட்டுக்கு வாசிப்பது மல்லாரி, ராகம் கம்பீர நாட்டை. தாளம் எதுவென்று ஜால்ரா போடுபவரின் கையைப் பார்த்துப் பிடியுங்கள். ஆதி என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. சமம் (தாளச் சுற்று தொடங்கும் முதல் அடி) வரும் இடத்தைக் கை தானாகவே சொல்லும்வரை தொடையில் போட்டுக்கொண்டே நடங்கள்.

அடுத்து, வாசிப்பின் ஒரு பகுதியை முடித்துவைக்கும் தீர்மானத்துக்குக் காத்திருங்கள். ஒரே சொற்கட்டு (அடிகளின் கோர்வை) மூன்று முறை வரும். முதல் முறை கேட்கும்போதே நிற்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள், இரண்டாவதில் ஃபோகஸ், மூன்றாவதின் கடைசி அடியோடு சேர்ந்து அழுத்துங்கள். அடி காதில் விழுந்த பிறகு விரலை அசைத்தால் ஏறக்குறைய கால் விநாடி போய்விடும், கம்பும் போய்விடும். விநாடிக்கு 10 படம் எடுக்கும் பர்ஸ்ட்டை நம்ப வேண்டாம். கம்பு தோலைத் தொடுவது கண நேரம். அது இரண்டு படங்களுக்கு நடுவிலேயே நடந்து முடிந்துவிடும்.

கம்பை உறைய வைக்கக் குறைந்தது 1/500 விநாடி ஷட்டர் வேகம் வேண்டும். சிக்கல் இரவில்தான். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/500-இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும், 1/100-இல் விழாது. ஆனால் 1/100-இல் கம்பு கலங்கும். அதற்கும் வழி தாளத்திலேயே இருக்கிறது: ஓங்கிய கம்பு திரும்பும் முன் உச்சியில் ஒரு கணம் நிற்கும். ஆகவே இரவில் அடியில் அழுத்தாமல், அடிக்குச் சற்று முன், ஓங்கலில் அழுத்துங்கள். லென்ஸ் திறப்பு எஃப் 2, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200-இல் தொடங்கிப் பாருங்கள். வெள்ளை வேட்டியும் தங்கச் சங்கிலியும் வெளுத்துப்போனால் ஐ.எஸ்.ஓ.வைக் குறையுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். வாசிப்பவர் கண் கூசும்.

தவிலுக்கு எந்தப் பக்கம் நிற்பது? வழக்கமாகத் தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் இடக்கைக் கம்பு, வலந்தலை எனும் வலப்பக்கத் தோலில் கூடு மாட்டிய விரல்கள். கம்பு வேண்டுமென்றால் அவருக்கு இடப்பக்கம், விரல் வேலை வேண்டுமென்றால் வலப்பக்கம். நேர் முன்னால் நின்றால் இரண்டும் அரைகுறை.

நாதஸ்வரத்தையும் நேர் எதிரில் எடுக்காதீர்கள், அகல லென்ஸில் அணைசு (குழலின் விரிந்த அடிவாய்) பூதாகரமாகி முகத்தை விழுங்கும். சற்றுப் பக்கவாட்டில், 85 மி.மீ. லென்ஸோடு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் நீண்ட கார்வையில் கன்னமும் கழுத்து நரம்பும் புடைத்திருக்கும், விரல் அசையாது, 1/100 தாராளம். தவிலுக்கு வழிவிட்டுக் கருவியை இறக்கும்போது இருவரும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். புதியவர்கள் அந்த நேரத்தில்தான் எடுத்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) மாற்றும் கையும் அப்போதுதான் கிடைக்கும்.

பழக ஒரு வழி: இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து, வீட்டில் ஒலியை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். உடல் அசைவை மட்டும் பார்த்து சமம் வருமிடத்தில் மேசையைத் தட்டுங்கள். பிறகு ஒலியோடு ஓட்டிச் சரிபாருங்கள். ஒலியும் வேண்டுமென்பதால், எடுக்கும்போது கடற்காற்று மைக்கில் அடிக்காமல் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நில்லுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து வந்தால் லென்ஸில் ஆவி படியும். புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே பையோடு வெளியே வையுங்கள், துடைத்துத் துடைத்துப் பயனில்லை. திரும்பியதும் கேமராவின் வெளிப்புறத்தை, லேசாக நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியை முதலில் போட்டுத் தேய்த்தால் உப்புத்துகள் கீறிவிடும்.