புயலுக்குப் பிறகு ஃபீமா உதவி: காகிதம் இல்லாதவருக்கு விண்ணப்பம் போடுவது எப்படி

ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்குப் புயலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2017-இல் ஹார்வி, 2024 ஜூலையில் பெரில் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெரில் கரையேறிய அன்று இந்தப் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. புயலுக்கு முன்னால் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். புயல் போன பிறகு ஃபீமாவிடம், அதாவது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பிடம், பணம் கேட்பதைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். அதுவும் உங்களுக்காகக் கேட்பது அல்ல. இதைப் படிக்கிற உங்களிடம் பெரும்பாலும் இன்சூரன்ஸ், கணினி, ஆங்கிலம் மூன்றும் இருக்கும். உங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வருகிற அம்மா, நீங்கள் சாப்பிடப் போகிற உணவகத்தின் சமையலறையில் நிற்கிற தம்பி, கேஸ் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் பார்க்கிற பெரியவர், இவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துக் கொடுப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. பெரிய மழையோ புயலோ வந்து போனால் எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அங்கே பார்த்த வரையில், கூரை போனவர், சுவர் ஊறிப்போனவர் என்று யாராக இருந்தாலும் அதை நிரூபிக்கிற காகிதம் கையில் இருப்பவருக்குத்தான் பணம் வருகிறது. ஏழைகளிடம் இல்லாதது அந்தக் காகிதம்தான். நீங்கள் செய்யப் போகிற வேலையும் அதைத் தேடி எடுப்பதுதான்.

முதலில் கவுண்டி பெயர்

புயல் அடித்தவுடனே ஃபீமா பணம் கொடுத்துவிடாது. மாநில ஆளுநர் கேட்க வேண்டும், குடியரசுத் தலைவர் பெரும் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அந்த அறிவிப்பில் உங்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ‘தனிநபர் உதவி’ப் பட்டியலில் இருக்க வேண்டும். பக்கத்துக் கவுண்டிக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. டிசாஸ்டர் அசிஸ்டன்ஸ் டாட் கவ் என்ற தளத்தில் முகவரியைப் போட்டால் தெரிந்துவிடும். 800-621-3362 என்ற எண்ணிலும் கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விண்ணப்பிக்க வழக்கமாக 60 நாள் கெடு. பல நேரம் நீட்டிப்பார்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், இது கடன் இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். “நம்மைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்கம்மா, அவங்களுக்குப் போகட்டும்” என்று எழுந்து போன பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாங்குவதால் இன்னொருவர் பங்கு குறைவதில்லை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வரி கிடையாது, அரசாங்க உணவு உதவியோ, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டோ இதனால் நின்றுபோகாது. ஒன்றே ஒன்று, இன்சூரன்ஸ் எதற்குப் பணம் கொடுத்ததோ அதற்கே இவர்களும் கொடுக்க மாட்டார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? 2024 மார்ச்சில் விதிகளை மாற்றினார்கள். அதன்படி சாப்பாடு, தண்ணீர், குழந்தைக்குப் பால்மாவு போன்ற உடனடித் தேவைக்கு ஒரு சிறு தொகை தனியாக உண்டு. பெரில் சமயத்தில் அது 750 டாலர், 2024 அக்டோபரில் 770 ஆனது. வீடு சார்ந்த உதவிக்கும் மற்ற தேவைகளுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு, 2024 அக்டோபரில் தொடங்கிய நிதியாண்டுக்கு ஒவ்வொன்றும் 43,600 டாலர். அந்த எண்ணைக் காட்டி யாருக்கும் ஆசை மூட்டாதீர்கள். மேசைக்கு வருகிறவர்கள் வாங்கிப்போவது பெரும்பாலும் அதில் ஒரு ஓரம்தான்.

காகிதம் தேடும் படலம்

விண்ணப்பத்தில் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: நீங்கள் யார், புயல் வந்தபோது அந்த வீட்டில்தான் இருந்தீர்களா. வீட்டுச் சேதத்துக்குப் பணம் கேட்டால் வீடு உங்களுடையதா என்பது மூன்றாவது. வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். வீட்டைப் பழுது பார்க்கப் பணம் வராதே தவிர, வேறு இடம் போக வாடகையும் கெட்டுப்போன சாமான்களுக்கு உதவியும் கிடைக்கும். இது தெரியாமல் நம் உணவகத் தம்பிகள் பாதிப் பேர் வருவதே இல்லை.

ஒரு பெரியவர், மொபைல் ஹோமில் (வாடகை இடத்தில், ஒரு பார்க்கில் நிறுத்திய டிரெய்லர் வீட்டில்) இருந்தவர், “லீஸெல்லாம் எங்கிட்ட ஏதும்மா?” என்றார். டிரெய்லரை முன்பு இருந்தவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கிறார், பத்திரம் பெயர் மாறவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் மனைவி கைப்பையிலிருந்து ஒரு ஜிப் பை எடுத்தார். அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட மணி ஆர்டர் அடிக்கட்டைகள், மாதா மாதம் இடவாடகை கட்டியது. ஈரத்தில் ஓரம் ஊதிப்போய் இருந்தாலும் தேதியும் தொகையும் படிக்க முடிந்தது. எதற்கு வைத்திருந்தீர்கள் என்றேன். “அவங்க கட்டலைன்னு சொல்லிட்டா?” என்றார். ஒவ்வொன்றையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்தோம். பார்க் உரிமையாளரிடம் அவர் அங்கே குடியிருந்ததாக ஒரு பக்கக் கடிதமும் வாங்கினோம். குடியிருப்புக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகவே லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். புயலுக்கு முந்தைய தேதியில், அந்த முகவரியும் அவர் பெயரும் சேர்ந்து இருக்கிற எதையும் தேடுங்கள்: கரண்ட் பில், செல்போன் பில், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, ஆஸ்பத்திரி பில். நாலு பேர் ஓர் அபார்ட்மென்டில், லீஸ் முதலாளி பெயரில் என்றால் சம்பளச் சீட்டில் எந்த முகவரி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடை முகவரி இருந்தால் அது உதவாது, செல்போன் பில்லுக்குப் போங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பம்தான். ஒரே முகவரியில் தனித்தனிக் குடும்பங்கள் இருந்தால் அதைத் தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லிப் பதிய வையுங்கள், இல்லாவிட்டால் இரட்டை விண்ணப்பம் என்று கணினி நிறுத்திவிடும்.

வீடு யாருடையது என்பதில்தான் ஏழைகள் அதிகம் அடிபடுகிறார்கள். தாத்தா கட்டிய வீடு, அப்பா இருந்தார், இப்போது மகன் இருக்கிறார், யாரும் பெயர் மாற்றவில்லை என்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டபோது, தலைமுறையாக இருந்த வீட்டுக்குப் பத்திரம் காட்ட முடியாமல் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பம் தள்ளுபடியானது. லூசியானா, மிசிசிப்பியின் கறுப்பினக் குடும்பங்களுக்கு இது பழைய கதை. 2021-இல்தான் ஃபீமா இறங்கி வந்தது. பரம்பரை வீட்டுக்கும் மொபைல் ஹோமுக்கும் வேறு ஆவணம் எதுவும் கிடைக்காவிட்டால், உரிமையாளரே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழியை ஏற்கலாம் என்றார்கள். எத்தனை காலமாக இருக்கிறார், வீடு எப்படிக் கைக்கு வந்தது, வேறு ஆவணம் ஏன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு வழி இருப்பதை எதிர்முனையில் பேசுகிறவர் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்களே கேளுங்கள்.

விசாக் கேள்வி

ரொக்க உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும்தான். எச்-1பி வேலை விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவருக்குத் தன் பெயரில் கிடைக்காது. மாதா மாதம் வரி பிடிக்கிறார்களே என்று கோபப்படலாம், நானும் பட்டேன். ஆனால் அந்த வீட்டிலேயே இருக்கிற 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இங்கே பிறந்து, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்தால், பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பெற்றோர் தங்கள் குடியேற்ற நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆவணமே இல்லாத குடும்பம் என்றால் நீங்களாகத் தைரியம் சொல்லாதீர்கள். பேரிடர் அறிவித்த இடங்களில் குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசச் சட்ட உதவி எண் ஒன்றைத் திறப்பார்கள். முதலில் வழக்கறிஞரிடம் பேசட்டும், பிறகு விண்ணப்பம். முகாம், சாப்பாடு, தண்ணீர், மனநல ஆலோசனை இவற்றுக்கு யாரும் விசா கேட்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர் வருகை

விண்ணப்பம் போட்ட பிறகு, சேதத்தைப் பார்க்க வரும் ஃபீமா இன்ஸ்பெக்டரிடமிருந்து, முன்பின் தெரியாத எண்ணில் அழைப்பு வரும். எடுக்காவிட்டால் “தொடர்புகொள்ள முடியவில்லை” என்று எழுதி மூடிவிடுவார்கள். சமையலறையில் நிற்பவர் போனை எடுக்க முடியாது. எனவே வேறு யாராவது எடுக்கக்கூடிய இரண்டாவது எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

இன்ஸ்பெக்டர் வரும்வரை ஈரக் கம்பளத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பூஞ்சை பிடிக்கும் முன் அகற்றுங்கள். ஆனால் தூக்கிப் போடும் முன் ஒவ்வோர் அறையையும் கதவருகே நின்று ஒரு படம், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை ஒரு படம், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினின் மாடல் எண் தெரிய ஒரு படம் எடுங்கள். வருகிறவரிடம் படத்துடன் அடையாள அட்டை இருக்கும், உங்கள் ஒன்பது இலக்க விண்ணப்ப எண்ணும் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். காசு கேட்டால் அவர் இன்ஸ்பெக்டர் இல்லை. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், வந்தவரிடம் “பரவாயில்லை சார், சமாளிச்சுக்கிறோம்” என்பது. அதை மட்டும் அன்று சொல்ல வேண்டாம். எங்கே ஒழுகுகிறது, எந்த அறையில் படுக்க முடியவில்லை, வீட்டில் யாருக்கு ஆஸ்துமா என்று சொல்லச் சொல்லுங்கள்.

முதல் கடிதம்

ஃபீமாவின் முடிவைச் சொல்லும் முதல் கடிதம் வரும்போதுதான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஒரு தம்பி போனை நீட்டினார். “அக்கா, நாட் அப்ரூவ்டுன்னு போட்டிருக்கு. அவ்வளவுதானா?”

“கீழ வரைக்கும் படிச்சியா?”

படிக்கவில்லை. யாருமே படிப்பதில்லை. காரணம் கீழேதான் இருக்கும். குடியிருப்பு உறுதியாகவில்லை, அடையாளம் பொருந்தவில்லை, இன்சூரன்ஸ் முடிவு வரவில்லை, கையெழுத்து இல்லை என்று பல காரணங்கள், பாதிக்கு மேல் ஒரே ஒரு காகிதம் சேர்த்தால் தீர்ந்துவிடும். தம்பிக்குக் குடியிருப்புச் சான்றுதான் குறை. செல்போன் பில்லை அன்றைக்கே ஏற்றினோம்.

கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. நீங்கள் சொன்ன காரணம் இது, அதற்கான ஆவணம் இதோ, மறுபடி பாருங்கள், அவ்வளவே. ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுதுங்கள், பக்கங்கள் பிரிந்துபோனால் சேர்ப்பதற்கு வேறு வழியில்லை. “சேதம் போதாது” என்று மறுத்திருந்தால் ஒப்பந்தக்காரரிடம் செலவு மதிப்பீடு எழுதி வாங்கி இணையுங்கள். அருகில் ஃபீமாவின் பேரிடர் மீட்பு மையம் திறந்திருந்தால் நேரில் கொடுத்து, கொடுத்ததற்கு அடையாளமாக ஏதாவது வாங்குங்கள். பணம் வந்தால் எதற்குச் செலவழித்தார்கள் என்ற ரசீதுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த ஜிப் பை அம்மாவுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஃபீமாவோடு நிற்காதீர்கள்

ஏற்கெனவே உணவு உதவி அட்டை வைத்திருப்பவருக்குக் கரண்ட் போய்ச் சாப்பாடு கெட்டிருந்தால், பத்து நாளுக்குள் மாநில அலுவலகத்தில் சொன்னால் அந்தத் தொகையை மறுபடி ஏற்றுவார்கள். அட்டை இல்லாதவருக்குச் சில பேரிடர்களில் தற்காலிக அட்டை தருவார்கள், சில நாள்தான் விண்ணப்பம் வாங்குவார்கள். வேலை நின்றுபோன டாக்ஸி ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர், சொந்தமாகத் தொழில் செய்பவர் வழக்கமான வேலையின்மை உதவிக்குத் தகுதி பெறாவிட்டாலும், பேரிடர் வேலையின்மை உதவி என்று தனியாக ஒன்று உண்டு.

கடைசியாக வருவது பெரிய பணம். நாடாளுமன்றம் ஒதுக்கி, மத்திய வீட்டுவசதித் துறை வழியாக மாநிலத்துக்கு வரும், ஒன்றிரண்டு வருடம் ஆகும். யாருக்கு எவ்வளவு என்ற சூத்திரத்தை மாநிலம் எழுதும். 2005-இல் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸின் எண்பது சதவீதத்தை மூழ்கடித்த பிறகு, லூசியானாவின் ‘ரோட் ஹோம்’ திட்டம், வீட்டின் பழைய சந்தை மதிப்பு, கட்டும் செலவு இரண்டில் எது குறைவோ அதைக் கணக்கில் எடுத்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் சந்தை மதிப்பு குறைவு. கட்டும் செலவு எங்கேயும் ஒன்றுதான். ஒரே மாதிரியான இரண்டு வீடுகளுக்கு, தெருவைப் பொறுத்து வெவ்வேறு தொகை வந்தது. வழக்குப் போட்டு, 2011-இல்தான் சமரசம் ஆனது. அதற்குள் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

எனவே மாநிலம் அந்தத் திட்ட வரைவை வெளியிடும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கெடு கொடுப்பார்கள், அதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வரைவில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும்: தொகை எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, வாடகைக்கு இருந்தவர்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள். கருத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம். உங்கள் மேசைக்கு வந்தவர்களின் அனுபவத்தைப் பெயர் போடாமல் நாலு வரியில் எழுதி அனுப்புங்கள், வந்த ஒவ்வொரு கருத்துக்கும் இறுதித் திட்டத்தில் மாநிலம் பதில் எழுதியாக வேண்டும்.