கனடாவில் முதல் போன் கனெக்‌ஷன்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஊரில் இருக்கும்போதே முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இந்திய நம்பரில் இன்டர்நேஷனல் ரோமிங்கை விமானம் ஏறும் முன்பே ஆன் செய்துவிடுங்கள். வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். டொராண்டோவில் இறங்கியதும் அந்த சிம்மைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடாமல், இரண்டாவது ஸ்லாட்டிலேயே விட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ரீசார்ஜும் தவறக்கூடாது. நம்பர் ஒருமுறை கைவிட்டுப்போனால், சொந்தக் கணக்கில் இருக்கும் சொந்தப் பணத்தைத் தொடவே ஊருக்குப் போகவேண்டிய நிலை வந்துவிடும். பலர் இதில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கையில் கொண்டுவரும் போன் இங்கே ஒத்துவருமா? லாக் இல்லாத போன், அதாவது ஒரே கம்பெனியின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டி வைக்காத போன் என்றால் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் 'வேலை செய்யும்' என்பது வேறு, 'வீட்டுக்குள் வேலை செய்யும்' என்பது வேறு. இந்தியாவில் விற்கும் போன்கள் அங்குள்ள அலைவரிசைகளுக்காகச் செய்தவை: பேண்ட் 3, 5, 8, 40 போன்றவை. கனடாவில் 2, 4, 7, 12, 13, 66 எல்லாம் முக்கியம். இதில் 12, 13 இரண்டும் 700 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வருபவை. சுவரைத் தாண்டி உள்ளே வரும் சக்தி இவற்றுக்குத்தான் அதிகம். புதிதாக வருகிறவர்களில் பலர் டொராண்டோ பக்கத்து ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஏதாவது ஒரு பேஸ்மெண்ட்டில்தான் வாடகைக்கு இருக்கிறோம். தெருவில் நான்கு கோடு காட்டும் போன், படியிறங்கி உள்ளே வந்ததும் செத்துக் கிடக்கும். போனின் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். விலை குறைந்த மாடல்களில்தான் இந்தக் குறை அதிகம். 3ஜி சேவையை இங்கே மூடி வருவதால், போனில் வோல்ட்டி (4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) இருந்து, நீங்கள் எடுக்கும் கம்பெனியில் அது வேலையும் செய்யவேண்டும். இல்லையென்றால் டேட்டா வரும், அழைப்பு வராது.

கடைத்தெருவில் பத்துப் பதினைந்து பெயர்கள் தொங்கும். பயந்துபோகவேண்டாம், பின்னால் இருப்பது நாலைந்து பேர்தான். ஃபைடோவும் சாட்டரும் ராஜர்ஸ் கம்பெனியுடையவை. கூடோவும் பப்ளிக் மொபைலும் டெலஸ். வர்ஜின் பிளஸ், லக்கி மொபைல் இரண்டும் பெல். பெல்லும் டெலஸும் டவர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஒன்றில் சிக்னல் இல்லையென்று மற்றதற்கு மாறினால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஃப்ரீடம் தனி. 2023-இல் கியூபெக் மாகாணத்தின் வீடியோட்ரான் போன் கம்பெனியை வைத்திருக்கும் கியூபெக்கோர் அதை வாங்கியது. பெரிய நகரங்களுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது மலிவாக அமையும். பெரிய பெயரின் பிளானும் அதன் துணைப் பெயரின் பிளானும் ஒரே டவரில் ஓடுகின்றன, விலையில்தான் இடைவெளி. என் கருத்தில் புதிதாக வருபவர் துணைப் பெயர்களில்தான் தேடவேண்டும்.

முதல் மாதத்துக்கு ஒரு ப்ரீபெய்ட் சிம் போதும். கிரெடிட் ஹிஸ்டரி கேட்கமாட்டார்கள், ஒப்பந்தமும் கிடையாது. வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் சின் நம்பரைக் கேட்டால் கொடுக்காதீர்கள், போன் கனெக்‌ஷனுக்கு அது தேவையில்லை. அந்த ஒரு மாதத்தில் நீங்கள் இருக்கும் பேஸ்மெண்ட்டின் சமையல் மூலையில் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் பாருங்கள், வேலை இடத்தின் கிடங்குக்குள் பாருங்கள். மாதக் கடைசியில் செட்டிங்ஸைத் திறந்தால் எத்தனை ஜிபி ஓடியது என்று தெரிந்துவிடும். வீட்டிலும் காலேஜிலும் வைஃபை இருப்பவருக்கு 20 ஜிபியே மிச்சமாகும். சாப்பாடு டெலிவரிக்குப் போகிறவர் கதை வேறு, அவருக்கு மேப் நாள் முழுக்க ஓடும். 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தால், எத்தனை ஜிபிக்கு அப்புறம் வேகத்தைக் குறைப்பார்கள் என்று பாருங்கள். 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டால் வாட்ஸப் செய்தி போகும், வீடியோ திணறும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். என் மாமா மகன் இங்கே படிக்க வந்த மூன்றாம் நாளே, மாலில் இருந்த ஒரு சிறிய கவுண்டரில் 'ஜீரோ டாலருக்குப் புதுப் போன்' என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டான். பில்லை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இருவரும் கூட்டினோம். போனுக்கு மாதம் 25, பிளானுக்கு 65, ஆக 90 டாலர். 24 மாதத்துக்கு 2,160, வரி தனி. அவன் 600 டாலருக்கு நல்ல போன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, 40 டாலர் பிளான் போட்டிருந்தால் மொத்தம் 1,560. வித்தியாசம் 600 டாலர், இன்னொரு போனின் விலை.

மூன்றாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இரண்டு வருடம் முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் 400 டாலர் கட்டவேண்டும். திரையில் கீறல் இருந்தால் அதற்கும் காசு. மாதத் தொகை குறைவாகத் தெரிந்ததே இதனால்தான். "அண்ணா, அவங்க இதைச் சொல்லவே இல்லையே" என்றான். நல்லவேளை, அவன் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

ஒன்பது நாள் ஏன் முக்கியமென்றால், கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான சிஆர்டிசி 2013 டிசம்பரில் கொண்டுவந்த வயர்லெஸ் கோட் என்ற விதித்தொகுப்பு அதைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தோடு போன் வாங்கினால் குறைந்தது 15 நாள் சோதனைக் காலம் உண்டு. கொஞ்சமாகப் பயன்படுத்தி, போனைப் புதிதுபோலத் திருப்பிக் கொடுத்தால் அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். அவன் அப்படித்தான் வெளியே வந்தான். அதே விதிகளின்படி இரண்டு வருடத்துக்குமேல் உங்களை அபராதத்தால் கட்டிவைக்க முடியாது. நீங்களாக ஒப்புக்கொள்ளாதவரை கூடுதல் டேட்டாவுக்கு மாதம் 50 டாலருக்கும், டேட்டா ரோமிங்குக்கு 100 டாலருக்கும் மேல் பில் ஏறக்கூடாது. 2017 டிசம்பரிலிருந்து புதுப் போன்களை லாக் இல்லாமலேதான் விற்கவேண்டும். கம்பெனியிடம் பேசியும் தீராத புகாரை சிசிடிஎஸ் என்ற அமைப்புக்கு எழுதலாம், காசு கிடையாது. அதற்கு எழுதப்போகிறேன் என்று பணிவாகச் சொன்னாலே சில கதவுகள் திறக்கும்.

பழைய போன் வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணை எடுத்து, டிவைஸ்செக் தளத்தில் போட்டு, திருட்டுப் போனா என்று பார்த்துவிடுங்கள். நயாகரா பார்க்கப் போகும்போது கனடா போனின் டேட்டா ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள். அருவிக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. அங்குள்ள டவரை போன் பிடித்துக்கொண்டால், நீங்கள் எல்லை தாண்டாமலேயே ஒரு நாள் ரோமிங் கட்டணம் விழும்.

முதல் மாதம் முடிந்து நல்ல பிளான் தேடும்போது, தள்ளுபடி விற்பனை நடக்கும் பிளாக் ஃப்ரைடேயோ (நவம்பர் கடைசி) பாக்ஸிங் டேயோ (டிசம்பர் 26) பக்கத்தில் இருந்தால் அதுவரை பொறுங்கள். கம்பெனி மாறும்போது பழைய கனெக்‌ஷனை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், ரத்து செய்தால் நம்பர் போய்விடும். புதுக் கம்பெனியிடம் நம்பரை மாற்றித்தரச் சொல்லிவிட்டு, பழைய சிம்மைப் போனிலேயே வைத்திருங்கள். சம்மதமா என்று கேட்டு அந்தப் பழைய சிம்முக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். அதற்கு உடனே 'யெஸ்' என்று பதில் போட்டுவிட்டு, புது சிம்மில் சிக்னல் வந்தபிறகு பழையதைக் கழற்றுங்கள்.