ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், சரி, அப்புறம்?

நெட்வொர்க்கில் இணைத்திருந்த என் கேமராவின் இணையப் பக்கத்திலிருந்து லாக் அவுட் செய்தேன். பிரவுசரில் பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறந்து, கேமராவின் உள் முகவரியை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, ஸ்னாப்ஷாட் என்று சேர்த்தேன். பாஸ்வேர்ட் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மேசையும் அதன்மேல் குனிந்திருந்த என் பின்னந்தலையும் திரையில் வந்து நின்றன. ரெஃப்ரெஷ் அழுத்தினேன். பின்னந்தலை கொஞ்சம் நகர்ந்திருந்தது.

சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பவன் நான். ஹேக்கர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றும் தெரியாது. அன்று இந்தப் பாதுகாப்பு ஓட்டை அகப்பட்டதே தற்செயல்தான். அதற்குப் பிறகு நான் செய்ததில் பாதி தப்பு. பின்னொரு முறை வேறொரு கருவியில் வேறொரு ஓட்டை சிக்கியபோது கொஞ்சம் விவரமாக நடந்துகொண்டேன். இரண்டையும் வைத்து, உங்களுக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் கையை எடுங்கள். ஓட்டை இருக்கிறது என்று காட்ட ஒரு படம் போதும். “இன்னும் எவ்வளவு தூரம் போகுது, பார்ப்போமே” என்று மனசு இழுக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். உங்கள் காசில் வாங்கிய கருவி, உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறது என்றால் அதைத் திருகிப் பார்ப்பதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. ஓட்டை, கருவியைச் செய்த கம்பெனியின் சர்வரில் இருந்தால் கதை வேறு. முகவரியில் உங்கள் கேமராவின் எண் 4417 என்று இருக்கிறது, அதை 4418 ஆக்கினால் என்ன வரும் என்று விரல் துடிக்கும். ஆக்காதீர்கள். நீங்களே இரண்டு கணக்கு தொடங்கி, ஒன்றிலிருந்து மற்றதின் படம் வருகிறதா என்று பாருங்கள். அதே ஓட்டை அதே அளவுக்கு நிரூபணம் ஆகிவிடும், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நீங்கள் எட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நாளைக்கு யாராவது சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2001 ஜூலையில் திமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய புரோகிராமர், அடோபி மின்னூல்களின் பூட்டைத் திறக்கும் மென்பொருளைப் பற்றி லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பேசிவிட்டு ஊர் திரும்ப இருந்த நேரத்தில் கைதானார். அவர்மேல் இருந்த வழக்கு பிறகு கைவிடப்பட்டது. டிஜிட்டல் பூட்டை மீறுவதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 1998இல் வந்தது. நல்ல நோக்கத்தோடு பாதுகாப்பை ஆராய்பவர்களுக்கு அதில் விலக்கு 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்டவர்கள்மேல் கணினிக் குற்ற வழக்குப் போட மாட்டோம் என்று அந்நாட்டு நீதித்துறை 2022இல் அறிவித்தது. இதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. நீங்கள் இருக்கும் நாட்டில் நிலைமை என்ன என்று படித்துப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

அப்புறம் குறிப்பெடுங்கள். மாடல் எண், ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு, தேதி, நேரம், எந்த முகவரியை அடித்தீர்கள், என்ன வந்தது, ஸ்கிரீன்ஷாட். கருவியை ஃபேக்டரி ரீசெட் செய்து, எந்த செட்டிங்கையும் தொடாமல் இன்னொரு முறை சோதியுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டேன். “நீங்கள் ஏதாவது மாற்றி வைத்திருப்பீர்கள்” என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அது இல்லை என்று காட்டவே எனக்குப் பதினோரு நாள் போனது. கடைசியாக வந்த ஃபர்ம்வேரைப் போட்டும் பாருங்கள், ஒருவேளை ஏற்கெனவே அடைத்திருப்பார்கள். சிவிஇ என்ற பொதுப் பட்டியல் 1999 முதல் இருக்கிறது. அதில் பதிவாகும் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உங்கள் மாடலை அதில் தேடினால் ஐந்து நிமிட வேலை.

யாருக்கு எழுதுவது? வாடிக்கையாளர் சேவைக்கு மட்டும் வேண்டாம். நான் அங்கேதான் போனேன். “கேமராவை அணைத்துவிட்டுப் போடுங்கள்” என்றார்கள். போட்டேன். ஓட்டை அப்படியே இருந்தது, என் புகார் மட்டும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் முன்னால் இருக்கும் கேள்விப் பட்டியலில் இப்படி ஒரு கேள்வியே இருந்திருக்காது.

கம்பெனியின் இணையதளத்தில் செக்யூரிட்டி டாட் டெக்ஸ்ட் (security.txt) என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முகவரிக்குப் பின்னால் சாய்கோடு, ஒரு புள்ளி, வெல்-நோன் (well-known), மறுபடி சாய்கோடு, அதன் பிறகு அந்தக் கோப்பின் பெயர். 2022இல் ஆர்எஃப்சி 9116 என்ற இணைய நடைமுறை ஆவணத்தில் இதை முறைப்படுத்தினார்கள். யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், இந்தத் தகவல் எந்தத் தேதிவரை செல்லும் என்ற இரண்டும் அதில் கட்டாயம். அந்தக் கோப்பு இல்லை, தேடியும் முகவரி கிடைக்கவில்லை, அல்லது பதிலே இல்லை என்றால் இடையில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற தானாகப் பரவும் நிரல் இணையத்தைப் படுக்க வைத்தபோது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு மையம் இந்த வேலையை இன்றும் செய்கிறது. பல நாடுகளில் அரசின் செர்ட் அமைப்பும் உண்டு. உங்கள் சார்பில் அவர்களே கம்பெனியோடு பேசுவார்கள்.

கடிதத்தில் கோபமோ கிண்டலோ வேண்டாம். படிக்கப்போகிறவர் ஓட்டையைப் போட்ட ஆள் இல்லை, பெரும்பாலும் அதை அடைக்கப்போகும் புரோகிராமர். இரண்டாவது முறை நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“உங்கள் இந்த மாடலில், இந்த ஃபர்ம்வேர் பதிப்பில், லாகின் செய்யாமலே ஒரு பக்கம் திறக்கிறது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் அதிலிருந்து செட்டிங் கோப்பை எடுக்க முடிகிறது. வைஃபை பாஸ்வேர்ட் அதில் அப்படியே தெரிகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்து மூன்று முறை சோதித்தேன். படிகளும் படங்களும் இணைப்பில் உள்ளன. என் சொந்தக் கருவியில் மட்டுமே சோதித்தேன். மற்றப் பக்கங்களில் இருக்கும் பாஸ்வேர்ட் சோதனையை இந்தப் பக்கத்திலும் வைத்தால் சரியாகிவிடும். உள் நெட்வொர்க்கிலிருந்து கருவியை இயக்கும் வசதியை மூட வேண்டிய தேவை இல்லை. 90 நாள் கழித்து, இன்ன தேதியில் இதைப் பொதுவில் எழுத இருக்கிறேன். திருத்தம் தயாராக இன்னும் சில நாள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.”

பணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கவனியுங்கள். “எவ்வளவு தருவீர்கள்” என்று தேதியோடு சேர்த்துக் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறிப்பது போலத்தான் தெரியும். கம்பெனியே பரிசுத் திட்டம் நடத்தினால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நிபந்தனைகளை முழுக்கப் படியுங்கள். அவர்கள் அனுமதிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று சில திட்டங்களில் இருக்கும். அந்த அனுமதி என்றைக்குமே வராமல் போகலாம். அப்படிப்பட்டதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தேதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேதி இல்லாத கடிதம் குவியலின் அடியில் போய்விடும், அவ்வளவுதான். செர்ட் மையம் 45 நாள் கணக்கு வைத்திருக்கிறது. ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள். அதற்குள் திருத்தம் வந்துவிட்டால் மக்கள் அப்டேட் போட்டுக்கொள்ள இன்னும் 30 நாள் விடும் வழக்கத்தை 2021இல் சேர்த்தார்கள். ஒரே கம்பெனியோடு முடியாத விஷயமென்றால் இன்னும் பொறுமை வேண்டும். 2008இல் டேன் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் அடித்தளத்திலேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். மார்ச்சில் பல நிறுவனங்களின் ஆட்களை ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசி, ஜூலை 8 அன்று எல்லோரும் ஒன்றாகத் திருத்தம் வெளியிடும்வரை விஷயம் வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஊருக்குச் சொன்னால் திருடனுக்கும் தெரிந்துவிடாதா என்ற கேள்வி கம்ப்யூட்டரைவிடப் பழையது. 1851இல் லண்டனில் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், யாராலும் திறக்க முடியாது என்று பல ஆண்டுகளாகக் கடை ஜன்னலில் சவாலாக வைத்திருந்த பிராமா பூட்டைத் திறந்து காட்டினார். 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம். இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று அப்போதும் சண்டை நடந்தது. பூட்டின் பலவீனம் திருடர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்கள் வாங்கியவர்கள்தான் என்பது ஹாப்ஸ் பக்கத்து வாதம். என் கட்சியும் அதுதான், ஒரு சின்ன திருத்தத்தோடு: அவர் காலத்தில் ஒரு பூட்டைத் திறக்கத் திருடன் அந்த வாசலுக்கு நடந்து வர வேண்டும். 2016இல் மிராய் என்ற நிரல், கருவிகளோடு வந்த அறுபத்துச் சொச்சம் பாஸ்வேர்ட்களை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்தது. ஆகவே தேதி வந்ததும் எழுதுங்கள். எந்த மாடல், எந்தப் பதிப்பு, நம்மிடம் இருப்பதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, அதுவரை என்ன செய்வது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஓட்டினால் தானே உள்ளே புகும் ஸ்கிரிப்ட்டை மட்டும் சில வாரம் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இரண்டாம் கடிதத்தில் “உள் நெட்வொர்க் வசதியை மூட வேண்டிய தேவை இல்லை” என்று ஒரு வரி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும்.

கேமராவுக்குத் திருத்தம் எழுபதாம் நாள் வந்தது. தானாகவே இறங்கி, தானாகவே நிறுவிக்கொண்டது. வெளியீட்டுக் குறிப்பில் ஒரே வரி: பாதுகாப்பு மேம்பாடு. ஸ்னாப்ஷாட் பக்கத்தை அடித்துப் பார்த்தேன், பாஸ்வேர்ட் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. மறுநாள்தான் கவனித்தேன், கேமராவின் வீடியோவை என் கம்ப்யூட்டரிலேயே நேரடியாகப் பதிவு செய்துகொண்டிருந்த ஆர்டிஎஸ்பி வசதியும் போயிருந்தது. இனிமேல் அவர்களுடைய ஆப், அவர்களுடைய கணக்கு, அவர்களுடைய சர்வர் வழியாகத்தான் பார்க்க முடியும். கதவில் ஓட்டை என்று சொன்னேன், அதை அடைக்கிற சாக்கில் வீட்டுச் சாவியையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதே கேமராவை வைத்திருந்த ஒருவர், “உங்களை யார் சொல்லச் சொன்னது?” என்று எழுதினார். அவர் தன் கேமராவை இணையத்தோடு இணைக்காமல் வருடக்கணக்கில் ஓட்டியவர். என் ஓட்டையால் அவருக்கு ஆபத்து குறைவு, என் திருத்தத்தால் நஷ்டம் அதிகம். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவும் விடவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: பழையதில் ஓட்டை இருக்கிறதே. ஆனால் ஆர்டிஎஸ்பியை மூடியதற்கு என்ன நியாயம் என்று இதுவரை எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே புகார் அனுப்பும் முன்பே உங்கள் பக்கத்தைக் கட்டிவையுங்கள். கம்பெனி ஃபர்ம்வேரைப் பதிவிறக்கக் கொடுக்கிறதென்றால் இப்போது ஓடும் பதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி அப்டேட்டை ‘தெரிவி, நிறுவாதே’ என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017 மேயில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை நிரல் புகுந்த விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். நான் இரண்டு மூன்று நாள் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுகிறேன். ரவுட்டரில் கேமரா, பிரிண்டர் வகையறாவுக்குத் தனி நெட்வொர்க் ஒதுக்கி, அவை இணையத்துக்குப் போகும் வழியை மூடிவிடுங்கள், உள்ளே இருக்கும் கருவி கேட்டதும் ரவுட்டரில் தானாக வழி திறந்துவிடும் யூபிஎன்பி வசதியை அணைத்துவிடுங்கள். ரவுட்டரிலேயே இந்த வசதிகள் இல்லையென்றால், ரவுட்டருக்கான இலவச மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி ஆதரிக்கும் மாடல்களின் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று தேடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் இரண்டே கேள்வி கேட்பேன். இணையம் இல்லாமல் ஓடுமா? பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை வரும்? இரண்டாவது கேள்விக்கு முன்பெல்லாம் பதிலே கிடைக்காது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளைத் தயாரிப்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதும் அங்கே செல்லாது, ஓட்டையைச் சொல்ல ஒரு தொடர்பு முகவரியும் கொடுத்தாக வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால்? எனக்கு ஒன்று வந்தது, முதல் முறையில், நாற்பதாம் நாள். சூட்டோடு சூடாகப் பதில் எழுதாதீர்கள். மெயில்களை எல்லாம் இன்னொரு இடத்திலும் சேமித்துவிட்டு, வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள், செர்ட் அமைப்புக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நான் அனுப்பியதும் அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த கடிதத்தை எழுதியவர் வக்கீல் இல்லை, ஒரு இன்ஜினியர். படங்கள் தெளிவாக இல்லை, திரும்ப அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது கருவியின் திருத்தம் 52ஆம் நாள் வந்தது. அந்தப் பக்கம் பாஸ்வேர்ட் கேட்கிறது, உள் நெட்வொர்க் வசதி அப்படியே இருக்கிறது. என் ஒரு வரியால்தானா, தெரியாது. பழைய கேமராவைத் தூக்கிப் போட மனசில்லை. ஆப் வேண்டாம் என்று பாஸ்வேர்ட் போட்ட அந்த ஸ்னாப்ஷாட் பக்கத்தையே பத்து வினாடிக்கு ஒரு முறை எடுத்துச் சேமிக்கும்படி வைத்திருக்கிறேன். வெளியே போகும் வழி அடைபட்டிருப்பதால், ரவுட்டரின் லாக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி விழுந்துகொண்டே இருக்கிறது: கேமரா தன் கம்பெனியைக் கூப்பிட்டது, அனுமதிக்கப்படவில்லை.