10 கிராம் சாமானுக்கு நாட்டு மருந்துக் கடை

கசகசா, ஜாதிக்காய், திப்பிலி, கிராம்பு போல எப்போதாவது தேவைப்படும் சாமானை மளிகைக் கடையில் பாக்கெட்டாக வாங்காமல், தெருவில் உள்ள நாட்டு மருந்துக் கடையில் 10, 20 கிராமாக நிறுத்து வாங்குங்கள். 50 கிராம் பாக்கெட்டில் பாதி, வாசனை போய் டப்பாவிலேயே கிடக்கும். மருந்துக் கடையில் சின்னத் தராசு இருக்கும்; கிலோ கணக்கில் நிறுக்கும் மளிகைத் தராசில் 5 கிராம் முன்னே பின்னே போனால், 10 கிராமில் அது பாதி விலை!

கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கசியாவிட்டால் பழைய சரக்கு. மிளகைத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பது பொக்கு அல்லது பப்பாளி விதை.

மிளகாய், மல்லி, சீரகத்துக்கு இது ஒத்துவராது. அரைக் கிலோவுக்கு மேல் என்றால் மளிகைக் கடைதான் மலிவு.