ஸ்பெக்ட்ரம்ல ஆத்தங்குடி டைல்ஸ் வரையப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுப் பரண்ல தூசி தட்டுனா, சிங்கப்பூர்லேருந்தோ மலேசியாவுலேருந்தோ யாரோ கொண்டாந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒண்ணு கெடைச்சாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 1982ல சின்க்ளேர் கம்பெனி விட்ட வீட்டுக் கம்ப்யூட்டர் அது, டிவியில மாட்டி டேப் ரெக்கார்டர்ல லோடு பண்றது. கெடைக்கலன்னா எமுலேட்டர் இருக்கு, இப்ப உள்ள கம்ப்யூட்டர்ல அந்த மெஷின் மாதிரியே ஓடுற புரோகிராம், அதுலயும் எல்லாம் அப்படியேதான். ஆர்ட் ஸ்டூடியோ மாதிரி ஒரு பெயின்ட் புரோகிராம் போட்டுட்டா நம்மூர்க்காரங்க கை மொதல்ல போறது ஆத்தங்குடி டைல்ஸ் பூவுக்குத்தான், அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, பூவு நல்லா வருது கலர் போட்டதும் நாசமாயிடுது, மெஷின் ரிப்பேர்னு நெனச்சு மூட்டை கட்டி வச்சிடுறாங்க. மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்க, அது வேலை செய்ற விதமே அப்படி, அது புரிஞ்சா அழகா வரையலாம்.

பெரிய தப்பு, எடுத்த எடுப்புல கலரோட வரைய ஆரம்பிக்கிறது. ஸ்பெக்ட்ரம் திரை குறுக்க 256 புள்ளி, நெடுக்க 192 புள்ளி. புள்ளி இருக்கா இல்லையாங்கறத ஒரு எடத்துல வச்சுக்கும், கலர வேற எடத்துல வச்சுக்கும். கலர் புள்ளிக்கு ஒண்ணு கெடையாது, 8க்கு 8 புள்ளி உள்ள ஒரு கட்டத்துக்கு மொத்தமா ரெண்டே கலர், வரையிற கலர் இங்க், பின்னாடி இருக்கறது பேப்பர், அவ்வளவுதான். ஏன் இப்படிப் பண்ணாங்கன்னா மெமரிதான் காரணம். புள்ளிக்குப் புள்ளி தனிக்கலர்னா 24,576 பைட் வேணும், ஆனா சின்ன மாடல்ல மொத்த ராமே 16கே, அதாவது 16,384 பைட்தான், படத்துக்கே பத்தாது. கட்டத்துக்கு ரெண்டு கலர்னு வச்சதால புள்ளிக்கு 6144, கலருக்கு 768, மொத்தம் 6912 பைட்ல முழுத்திரையும் முடிஞ்சுது. கெட்டிக்காரத்தனமான வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

ஆத்தங்குடியில டைல்ஸ் போடுறதப் பாத்திருப்பீங்க, கண்ணாடி மேல உலோக அச்ச வச்சு, அச்சுல உள்ள ஒவ்வொரு அறையிலயும் அந்தந்தக் கலர் சிமெண்ட் பால கரண்டியால ஊத்தி, அச்ச அலுங்காம தூக்கிட்டு மேல சிமெண்டும் மணலும் போடுவாங்க. அறை எங்க முடியுதோ அங்கதான் கலரும் முடியும். ஸ்பெக்ட்ரம்லயும் அதே கதைதான், என்ன ஒண்ணு, அச்சோட அறை எல்லாமே சதுரமா 8க்கு 8ஆ இருக்கு, அந்த அச்ச நீங்க மாத்த முடியாது, அதுக்கேத்த மாதிரி பூவத்தான் மாத்தணும்.

ஒரு இதழ எடுத்துக்குவோம். மஞ்சத் தரை, செவப்பு இதழ், சுத்தி கறுப்புக் கோடு. ஒரே கட்டத்துக்குள்ள மூணு கலரும் வந்துச்சுன்னா கடைசியா எந்த இங்க்ல வரைஞ்சீங்களோ அது கட்டத்துல இருக்கற எல்லாப் புள்ளியையும் பிடிச்சுக்கும், செவப்ப உள்ள ரொப்புன ஒடனே கறுப்புக் கோடு அந்தக் கட்டத்துல மட்டும் செவப்பாயிடும், ஓரம் படிக்கட்டு மாதிரி பிச்சுக்கிட்டு நிக்கும். இதுக்கு வழி, ரெண்டு கட்டம் சேர்ற எடத்துல கறுப்புக் கோட்ட கொண்டாந்து வைக்கிறது. இந்தப் பக்கக் கட்டத்துல செவப்பும் கறுப்பும், அந்தப் பக்கக் கட்டத்துல கறுப்பும் மஞ்சளும், மாறுற எடம் கறுப்புக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். சாய்வா போற ஓரத்துல கோட்ட கொஞ்சம் தடிமனாக்கிக்கங்க, தப்பே இல்ல, டைல்ஸ்லயும் கோடு தடிமனாத்தான இருக்கு. அதனால மொதல்ல கறுப்பு வெள்ளையில பூவ முழுசா முடிங்க, எந்தக் கட்டத்துல எந்த ரெண்டு கலர்னு பேப்பர்ல எழுதிக்கங்க, கலரு கடைசி வேலை.

பேப்பர்னதும் ஞாபகம் வருது, ஸ்கூல் கிராஃப் ஷீட்ல பிளான் போடாதீங்க. அதுல தடிக்கோடு பத்து சின்னக் கட்டத்துக்கு ஒருக்கா வரும், நமக்கு வேண்டியது எட்டுக்கு ஒருக்கா, கண்ணு தானா பத்தாங்கோட்டுல போய் நின்னுடும், திரையில வச்சுப் பாத்தா எல்லாம் ரெண்டு புள்ளி தள்ளி இருக்கும். சாதா கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கி எட்டுக்கு ஒரு செவப்புக் கோடு நீங்களே போட்டுக்கங்க.

டைல்ஸ் சைஸ இஷ்டத்துக்கு வைக்கிறது இன்னொண்ணு. 50, 60ன்னு வைக்காதீங்க, 64 புள்ளி வைங்க. அது சரியா எட்டுக் கட்டம், குறுக்க நாலு நெடுக்க மூணுன்னு பன்னெண்டு டைல்ஸ் திரையில ஒரு புள்ளி மிச்சமில்லாம உக்காரும், ஒண்ணு வரைஞ்சு மத்தத விண்டோ மெனுவுல காப்பி பண்ணிக்கலாம். பெயின்ட் புரோகிராம் இல்லாம, மெஷின்லயே இருக்கற பேசிக் மொழியில பிளாட், டிரா கட்டளை போட்டு வரையிறவங்களுக்கு மட்டும் கீழ ரெண்டு எழுத்து வரி (16 புள்ளி) கெடையாது, உயரம் 176 தான், அவங்க ரெண்டு வரிசையோட நிறுத்திக்கணும். அப்புறம் 64ங்கறது ரெட்டப்படை, கோலத்துல நடுப்புள்ளி வைக்கிற பழக்கத்துல ஒத்தப் புள்ளிய நடுவுல வச்சு நாலு பக்கமும் இழுத்தீங்கன்னா ஒரு பக்கம் 31 ஒரு பக்கம் 32ன்னு கோணலாயிடும், பக்கத்துப் பக்கத்துல டைல்ஸ் ஒட்டும்போது பாத்தா கோடு சேராது. புள்ளிய 0லேருந்து எண்ணுனா நடு எப்பவும் 31க்கும் 32க்கும் இடையில, அதனால நடுவுல ரெண்டுக்கு ரெண்டா நாலு புள்ளி வச்சுத் தொடங்குங்க.

அடுத்து பிரைட் விஷயம், அதாவது கலர பளிச்சுன்னு காட்டுற செட்டிங். கலர் எட்டு, பிரைட் போட்டா இன்னொரு எட்டு, கறுப்பு ரெண்டுலயும் ஒண்ணுங்கறதால மொத்தம் 15. ஆனா பிரைட்டுங்கறது கட்டம் முழுசுக்கும் சேத்துத்தான், பளிச் மஞ்சளும் மங்கல் செவப்பும் ஒரே கட்டத்துல வராது. நம்ம தரைக்கு பிரைட்டே வேணாங்கறது என் அபிப்பிராயம். பிரைட் இல்லாத செவப்பு காவித்தரைக்குக் கிட்டத்துல வருது, பிரைட் இல்லாத வெள்ளை லேசான சாம்பலா நல்லாருக்கு, பிரைட் போட்டா பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுது. அரக்குக் கலர் வேணும்னா செவப்பு கறுப்பு புள்ளிய மாத்தி மாத்தி வைக்கலாம், மானிட்டர்ல ஜோரா தெரியும், பழைய டிவியில ஆன்டெனா வயர்ல மாட்டுனா அதே புள்ளி மினுமினுன்னு ஆடும். எதுல காட்டப் போறோமோ அதுலயே ஒருக்கா பாத்துக்கங்க.

பேசிக்ல ஏற்கெனவே கலர் போட்ட எடத்துல ஒரு புள்ளி வச்சாக்கூட இப்ப இருக்கற இங்க் அந்தக் கட்டத்தையே மாத்திடும். இங்க் 8, பேப்பர் 8, பிரைட் 8னு குடுத்துட்டு வரைஞ்சா பழைய கலர் அப்படியே நிக்கும். இது தெரியாம படத்த அழிச்சு அழிச்சு வரையிறாங்க பாவம்.

ஃபில் (கோட்டுக்குள்ள ரொப்புறது) போடுறதுக்கு முன்னாடி மேக்னிஃபைல பெரிசாக்கி வச்சு கோட்ட சுத்திப் பாருங்க. ஒரு புள்ளி ஓட்டை போதும், திரை முழுக்க வழிஞ்சிடும், அண்டூ கடைசியா பண்ண ஒரு வேலையத்தான் திருப்பும்.

சேவ் பண்றதுலதான் ரொம்பப் பேரு பயந்துடுறாங்க. பேசிக்ல சேவ் குடுத்து ஸ்கிரீன்$ (முழுத்திரைன்னு அர்த்தம்) போட்டு டேப்ல ஏத்திட்டு, சரியா ஏறுச்சான்னு வெரிஃபை போட்டா எரர் காட்டும், ஒடனே டேப் போச்சுன்னு மேலயே திரும்ப ரெக்கார்ட் பண்ணுவாங்க. டேப் நல்லாத்தான் இருக்கும். வெரிஃபை பண்ணும்போது ஃபைல் பேர திரையிலயே எழுதிடும், திரை மாறிடுச்சு, அப்புறம் எப்படி ஒத்துப்போகும்? சந்தேகம்னா இன்னொரு கேசட்ல ரெண்டாவது காப்பி எடுங்க, ஒரே கேசட்ல அதே எடத்துல எடுக்காதீங்க. கேசட் ஆரம்பத்துல வர்ற வெறும் பிளாஸ்டிக் தாண்டுன பெறகு ரெக்கார்ட் அமுக்குங்க, ஸ்பீக்கர் பக்கத்துல கேசட்ட வைக்காதீங்க.

எமுலேட்டர்ல வரையிறவங்க எஸ்சிஆர் ஃபைலா (திரை மெமரிய அப்படியே எடுத்து வைக்கிற ஃபைல்) வச்சுக்கங்க, சைஸ் சரியா 6912 பைட் இருக்கான்னு பாருங்க. நண்பர்களுக்கு அனுப்ப பிஎன்ஜி. ஜேபெக்ல போட்டா கோட்டு ஓரமெல்லாம் அழுக்கு பிடிச்ச மாதிரி ஆயிடும், பெரிசு பண்ணும்போதும் ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு முழுசா பண்ணுங்க, ஒன்றரை மடங்குல பண்ணீங்கன்னா ஒரு புள்ளி தடிச்சும் ஒரு புள்ளி மெலிஞ்சும் வரும்.